சித்தி ஏறினால் நிற்கிற கார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கையெழுத்தைப் படிக்க உங்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மக்காச்சோளக் குடோனில் மூட்டை மேல் மையால் எண் போட்டுப் பழகின கை இது. வரி நேராகப் போகாது. எந்த இடத்தில் எந்த ‘ல’ போடுவது என்பது எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. தப்பு இருக்கிற இடத்தில் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நம் அஞ்சாம் வகுப்புக்காரர்கள் எல்லோரும் பெரம்பலூரில் கூடினோம் இல்லையா, அப்போது உங்களில் ஒருவர் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள். “ஏம்ப்பா, ஒங்க சித்தி ஏறுனா நின்னுரும்னு ஒரு பிளசர் காரு இருந்துச்சே, அது என்னாச்சு?” எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, அது உங்களுக்குத் தெரியும். பஸ் ஏறி வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். கேள்விக்குச் சரியான பதில் இதில் இருக்கிறதா என்று கேட்டால், எனக்கே தெரியவில்லை.

அப்பா பெரம்பலூரில் வாடகைக் கார் ஓட்டினார். சொந்த வண்டி. மூக்கு உருண்ட வெள்ளைக் கார். அப்போது ரோட்டில் இருந்ததே ஒன்றிரண்டு தினுசுதான், எதுவென்று உங்களுக்கே தெரியும். பின்சீட்டு ரெக்சின் கிழிந்த இடத்தில் தேங்காய் நார் எட்டிப் பார்க்கும். வெயிலில் நின்றால் உள்ளே பெட்ரோலும் வியர்வையும் பழைய மல்லிகைப்பூவும் கலந்து ஒரு வாசனை வரும். கல்யாணச் சவாரிதான் அதற்கு முக்கியம். பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் போகும் வண்டி என்று அம்மாவுக்கு அதன் மேல் ஒரு பெருமையும் பயமும் இருந்தது. எங்கள் சோறு அதிலிருந்துதான் வந்தது.

சித்தப்பாவுக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலையில் வேலை. ஆவணியில் அவருக்குக் கல்யாணம் ஆனது. சித்தி கீழப்பழுவூர்ப் பெண். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். ஆனால் அப்பாவும் சித்தியும் நேருக்கு நேர் பேச மாட்டார்கள். தம்பி பெண்டாட்டியிடம் மூத்தார் பேசக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா கூடத்துக்கு வந்தால் சித்தி எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விடுவார். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் நடுவில் என்னை நிறுத்திப் பேசுவார்கள். “சித்திகிட்ட வெந்நி கேளு” என்பார் அப்பா. சித்தி அதைக் காதால் கேட்டுக்கொண்டே நிற்பார். நான் போய் மறுபடியும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்குவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாவிலை தொங்கவிட்டோம். புது மருமகள் கையால் பொட்டு வைக்கட்டும் என்று அம்மாதான் சந்தனக் கிண்ணத்தைச் சித்தியிடம் கொடுத்தார். சித்தி சந்தன வில்லையைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்து வைத்திருந்தார். ஸ்டியரிங், விளக்கு, நாலு சக்கரம், ஜாக்கி, ஸ்பேனர், ஒன்றும் பாக்கி இல்லை. நான் பின்னாலேயே குங்குமத்தை எடுத்துக்கொண்டு போனேன். “இதுக்கு வெச்சாச்சா, இதுக்கு வெச்சாச்சா” என்று கேட்டுக் கேட்டு, கட்டை விரலால் அழுத்தி அழுத்தி வைத்தார். அவ்வளவு ஆசை.

பிறகு தலை தீபாவளி வந்தது. சித்தப்பாவையும் சித்தியையும் பழுவூருக்கு நம் வண்டியிலேயே கொண்டு விடுவதாக ஏற்பாடு. தூரப் பயணம் என்பதால் அப்பா டேங்கை நிரப்பினார். முன்னால் அப்பாவும் சித்தப்பாவும். பின்னால் சித்தியும் நானும் பலகாரக் கூடையும். குன்னம் தாண்டிப் பருத்திக் காட்டு நடுவில் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

அப்பா சாவியைத் திருப்பினார். கிர்ர்ர் கிர்ர்ர் என்று என்ஜின் நன்றாகச் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி சுற்றியது. மறுபடி பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா சொன்னார், “பேட்டரி நல்லா இருக்கு. நெருப்பும் வருது. பெட்ரோல் இப்பதான் போட்டேன். அப்புறம் என்னதான் வேணும் இதுக்கு?”

“சூடாயிருக்கும்ண்ணே” என்றார் சித்தப்பா.

“மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்குது, எங்கேருந்துடா சூடாகும்?”

சொன்னாரே தவிர, துண்டை நனைத்து என்ஜினில் இருக்கிற பெட்ரோல் பம்பு மேல் போடவும் செய்தார். சைக்கிளில் போனவரிடம் சொல்லியனுப்பி, குன்னத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அதற்குள் அரியலூர் பஸ் ஒன்று வந்தது. இருட்டுவதற்குள் பொண்ணு வீட்டு வாசல்படி மிதிக்க வேண்டுமே என்று சித்தப்பாவும் சித்தியும் அதில் ஏறிவிட்டார்கள். தலை தீபாவளிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற சித்தியை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலையில் வைத்திருந்த கதம்பம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். கழுவுவதற்கு டேங்கிலிருந்து டியூப் போட்டுக் கொஞ்சம் பெட்ரோல் எடுத்தார். கழுவி, ஊதி, மாட்டி, “இப்ப அடிங்க” என்றார். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. பஸ் அரியலூர் போய்ச் சேர்ந்துகூட இருக்காது.

“பிளக்குதான்ண்ணே” என்றார் மெக்கானிக்.

பலகாரக் கூடையோடு நானும் அப்பாவும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கே திரும்பினோம். அரியலூரில் கொஞ்சமாகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தோம், வழியில் எங்கேயும் நிற்கவில்லை. நடந்ததைக் கேட்ட அம்மா, “அவ எறங்கிப் போனதும் பிடிச்சுக்கிச்சாக்கும்” என்று மட்டும் சொன்னார். 

கார்த்திகையில் அரியலூரில் சொந்தக்காரர் கல்யாணம். விடியும்போதே கிளம்பினோம். இந்தத் தடவை அம்மாவும் உண்டு. சித்தப்பாவுக்கு ஆலையில் முறை வேலை, அவர் அங்கிருந்தே மண்டபத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அம்மா முன்னால், நானும் சித்தியும் பின்னால். டேங்கு நிறையப் பெட்ரோல். கிட்டத்தட்ட அதே இடத்தில் வண்டி நின்றது.

நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் சித்தி என் தொடையில் தட்டினார். காதோடு, “தம்பி, பின்னாடி டொக்குனு ஒரு சத்தம் வந்துச்சு பாரு. காலித் தகர டின்ன அமுக்குனா வருமே, அந்த மாதிரி. அன்னிக்கும் வந்துச்சு. ஒங்கப்பாகிட்ட சொல்லு” என்றார்.

நான் அப்படியே சொன்னேன்.

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த அப்பா நிமிரவே இல்லை. “என்ஜின் முன்னாடி இருக்கு. பின்னாடி என்ன சத்தம் வந்து என்ன ஆகப்போவுது? டிக்கியில ஸ்டெப்னி உருண்டிருக்கும்னு சொல்லு.”

ஆனால் அம்மா திரும்பிச் சித்தியைப் பார்த்தார். “நாங்களும் இதே வண்டியிலதான வாறோம். ஒனக்கு மட்டும் எப்படிம்மா கேக்குது?”

சித்தி கதவைத் திறந்து இறங்கி, கொஞ்ச தூரம் போய் ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். புதுப் பட்டுப்புடவை சாலை மண்ணில் புரண்டது. கதம்பத்துக்குப் பதில் அன்றைக்குக் கனகாம்பரம். வழியில் போன ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, அதையும் இதையும் கழற்றி, டேங்கைத் திறந்து பெட்ரோல் எடுத்துக் கழுவி, எமரித் தாளால் எதையோ தேய்த்தார். வண்டி பிடித்துக்கொண்டது. சித்தி அப்போது மதகில்தான் இருந்தார்.

“பாத்துக்குங்க” என்றார் அம்மா. அப்பா பானெட்டை இறக்கிச் சாத்தினார். நாங்கள் போனபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு பெரம்பலூர் மெக்கானிக் பெட்ரோல் பம்பையே மாற்றினார். பம்பை மாற்றின பிறகு டவுனுக்குள் எத்தனையோ சவாரி, ஒருநாளும் நிற்கவில்லை. பொங்கலுக்குத் துணி எடுக்கப் போன சித்தப்பாவும் சித்தியும் அரியலூர் வரை அதே காரில் போனார்கள். நின்றது. நான் அன்றைக்குப் போகவில்லை. போயிருந்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து தெருவெல்லாம் சொன்னார்.

கார் ஸ்டாண்டில் பேச்சு வேறு மாதிரி ஆனது. கல்யாணச் சவாரி பேச வருகிறவர்கள், “அண்ணே, ஒங்க தம்பி சம்சாரம் ஏறுற வண்டிதானே இது?” என்று கேட்டுவிட்டு அடுத்த காரிடம் போனார்கள். தை பிறக்கப்போகிற நேரம். ஸ்டாண்டில் இருந்த எல்லா வண்டிக்கும் சவாரி பேசியாகிவிட்டது. எங்கள் வண்டி மட்டும் வேப்பமரத்தடியில் எச்சம் விழுந்து கிடந்தது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து, “ஒங்க சித்தி பாத்தா பஸ்ஸும் நின்னுருமாடா?” என்று கேட்டதெல்லாம் அப்போதுதான். யார் கேட்டது என்று ஞாபகம் இருக்கிறது, எழுதவில்லை.

அம்மா ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சித்தப்பாவிடம் சொன்னார். “கொஞ்ச நாளு அவங்கம்மா வூட்டுல இருந்துட்டு வரட்டும் தம்பி. தை போகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

“எதுக்கு அண்ணி?”

“எதுக்குன்னு ஒனக்குத் தெரியாதா?”

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தட்டைப் பார்த்தார். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு வேறு எதுவும் புலப்படவில்லை. வண்டி நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக்கே சொல்கிறான், பம்பும் புதுசு, அப்படியும் நிற்கிறது என்றால் ஒரு மனுஷி என்னதான் நினைப்பாள்? எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கையில் என்ன இருக்கிறது, கார் நிற்கிற அளவுக்கு?

சித்தி தகரப் பெட்டியோடு பஸ்ஸில்தான் போனார். போகும்போது என் தலையைத் தடவி, “அந்தச் சத்தம் நெசமாவே வந்துச்சுடா” என்றார்.

தை பிறந்தது. சித்தியை யாரும் கூப்பிடப் போகவில்லை. சித்தப்பா வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். விஷயம் தெரியாத வெளியூர்க்காரர் ஒருவர் அரியலூர்க் கல்யாணத்துக்கு நம் வண்டியைப் பேசினார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நானும் தொற்றிக்கொண்டேன். வழியில் இரண்டு இடத்தில் நின்று ஆள் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் போட்டுப் போனதில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இறங்கும்போது அவர்கள் சந்தோஷப்பட்டு டேங்கை நிரப்பிவிட்டார்கள்.

திரும்பும்போது வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். மத்தியான நேரம். ரோட்டில் ஒருவரும் இல்லை. சோளத்தட்டை காய்ந்து சலசலக்கிற சத்தம்கூட ஜன்னல் வழியாகக் கேட்டது.

முதுகுக்குக் கீழே எங்கேயோ டொக் என்றது. காலித் தகர டின்னை அமுக்கினால் வருகிற சத்தம்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். “அப்பா, சித்தி சொன்ன சத்தம்.”

“கேட்டுச்சு” என்றார் அப்பா.

அதற்குள் வண்டி இருமியது. நின்றது.

அப்பா சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் சித்தி இருக்கிறாரா என்று பார்ப்பது போலக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். நான்தான் இருந்தேன். பிறகு இறங்கி, இத்தனை நாளில் முதல்தடவையாகப் பானெட்டுப் பக்கம் போகாமல், பின்பக்கம் போனார். நானும் இறங்கினேன்.

பெட்ரோல் மூடியைத் திருகினார். உஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போகிற சத்தம் வந்தது. டேங்கு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. டொக் என்று இன்னொரு தடவை கேட்டது.

அப்பா மூடியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விட்டு விட்டு வந்து நின்றுவிடும், இன்னொரு ஓட்டையும் போட்டால்தான் ஒழுங்காக வரும் இல்லையா, அந்த இன்னொரு ஓட்டை அது என்று அப்பா பிறகு எனக்குச் சொன்னார். பெட்ரோல் குறையக் குறைய அது வழியாகக் காற்று உள்ளே போக வேண்டுமாம். போகாவிட்டால் டேங்கு உள்வாங்கிக்கொண்டு பெட்ரோலை விடாதாம். டேங்கு நிறைய இருந்து தூரமாகப் போனால்தான் இது சீக்கிரம் நடக்குமாம்; டவுனுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி மூடியைத் திறந்து பெட்ரோல் போட்டதால் தெரியவில்லை. பிளக்கைக் கழுவப் பெட்ரோல் எடுத்தபோதெல்லாம் மூடியைத் திறந்ததால்தான் வண்டி பிடித்தது. இதெல்லாம் இப்போது சுலபமாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்பா வேலியோரக் கருவை முள்ளை ஒடித்து அந்த ஓட்டையைக் குத்தினார். கெட்டியாக, மஞ்சளாக ஒரு துணுக்கு வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. மோந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். நானும் மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனைக்கு நடுவில் சந்தனம்.

ஆயுத பூஜைச் சந்தனம். மூடி மேல் வைத்த பொட்டு மழையிலும் துடைத்ததிலும் போய்விட்டது. ஓட்டைக்குள் போனது மட்டும் இறுகிக் கிடந்திருக்கிறது.

அப்பா மூடியைத் துண்டால் துடைத்து மறுபடி திருகி மாட்டினார். பிறகு, “யாருகிட்டயும் சொல்லாத. ஒங்கம்மாகிட்ட சொல்லவே சொல்லாத” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தத் துணுக்கு என் கையிலேயே இருந்தது. விரலால் நசுக்கிக்கொண்டே வண்டியில் ஏறினேன். வண்டி பிடித்தது. வீடு இருக்கும் பக்கம் போகாமல், அப்பா வண்டியை வந்த வழியே திருப்பினார்.

பழுவூரில் சித்தி வீட்டு வாசலில் அப்பா இறங்கிக் காரோடு ஒட்டி நின்றுகொண்டார். சித்தியின் அம்மா தண்ணீர்ச் செம்போடு வந்து, “உள்ள வாங்க” என்றார். “இருக்கட்டும்ங்க” என்றார் அப்பா. சித்தி கதவுக்குப் பின்னால் நின்றார். விரல்கள் மட்டும் தெரிந்தன. நான் நடுவில்.

“தம்பி, அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சுன்னு சித்திகிட்ட சொல்லு.”

“சித்தி, அந்தச் சத்தம் அப்பாவுக்கும் கேட்டுச்சாம்.”

கதவு இன்னும் ஒரு விரல்கடை திறந்தது. பிறகு, “நான் இல்லாதப்பவும் வண்டி நின்னுச்சான்னு கேளு.”

“நின்னுச்சுன்னு சொல்லு.”

“நின்னுச்சாம் சித்தி.”

“எதனாலன்னு கேளு.”

அப்பா என்னைப் பார்த்தார். “மூடியில அழுக்கு அடைச்சிருந்துச்சுன்னு சொல்லு.”

நான் முழித்தேன். அழுக்கு இல்லையே அது. அப்பா கண்ணை எடுக்கவில்லை. “அழுக்காம் சித்தி” என்றேன்.

“அக்கா வரச் சொன்னாங்களான்னு கேளு.”

அப்பா செம்பை வாங்கித் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்து, “நான் வரச் சொல்றேன்” என்றார். ‘சொல்லு’ என்று என்னிடம் சொல்லவில்லை. நான் திருப்பிச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். சித்தி தகரப் பெட்டியை எடுக்க உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். வண்டி நிற்கவில்லை.

வீட்டில் அப்பா, “மெக்கானிக் சரி பண்ணிட்டான்” என்று முடித்துக்கொண்டார். அம்மா நம்பவில்லை. பிறந்த வீட்டில் இருந்துவிட்டு வந்ததில் சித்தியைப் பிடித்திருந்த பீடை கழிந்துவிட்டது, இனி இவள் ராசிக்காரி என்று எல்லோரிடமும் சொன்னார். கல்யாண வண்டியில் முதலில் சித்தியை உட்கார வைத்துத்தான் அனுப்புவார். அதுவும் எனக்குச் சங்கடமாக இருக்கும். கெட்டது என்று சொன்னதும் தப்பு, நல்லது என்று சொன்னதும் தப்பு. ஆனால் அந்தப் பொட்டை வைத்தது சித்தி கைதான் என்பது மட்டும் தப்பில்லை. இதில் எதை எடுத்து எதை விடுவது? அப்பா உண்மையைச் சொல்லியிருந்தால் ராசிப் பேச்சு அன்றோடு போயிருக்குமா, இல்லை, “பாத்தீங்களா, அவ கைதான்” என்று அம்மா புதிதாக ஆரம்பித்திருப்பாரா? எத்தனையோ நாள் மூட்டை தூக்கிக்கொண்டே யோசித்திருக்கிறேன். முடிவு கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சித்திதான் பொட்டு வைத்தார். வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் வரும்போது மட்டும் அப்பா எங்கிருந்தோ வந்துவிடுவார். பெட்ரோல் மூடி மேல் கட்டை விரலை வைத்து அந்த ஓட்டையை மறைத்துக்கொண்டு வேறு எங்கேயோ பார்ப்பார். சித்தி அவர் விரல் மேல் படாமல், ஓரமாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போவார். தன்னுடைய கார் என்று ஒன்று இருந்தவரை அப்பா அதை விடவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. காரை விற்று எவ்வளவோ காலம் ஆகிறது. சித்தி அரியலூரில் மகன் வீட்டில் இருக்கிறார். இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு என் மொபெட்டை எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். சித்திக்கு முட்டி வலி. இருந்தாலும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். விளக்குக்கு வைத்தார், சக்கரத்துக்கு வைத்தார். பெட்ரோல் மூடிக்கு வந்ததும் இடது கைக் கட்டை விரலை அதன் நடுவில் வைத்து மறைத்துக்கொண்டு, ஓரத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார்.

 எவ்வளவோ கேட்க நினைத்து, “சித்தி, அப்பா ஒங்ககிட்ட சொன்னாரா?” என்று மட்டும் கேட்டேன்.

“ஒங்கப்பா எங்கிட்ட எங்கடா பேசுனாரு?”

“அப்புறம் எப்படி?”

சித்தி சந்தன விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“அழுக்குன்னு சொன்ன. பழுவூருலேருந்து வூடு வர்ற வரைக்கும் ஒன் கை எங்கையிலதான இருந்துச்சு. அப்படி மணந்துச்சு.”

எழுதி முடித்தது ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.